சர்க்கரைக் கணக்கு – 14: எழுதாத பக்கங்கள்

போன வாரம் பாதத்தைப் பற்றி எழுதினேன். இரவு படுக்கப் போகும்முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு காலத்தில் நானே ஐந்து மாதம் என் பாதத்தைப் பார்க்கவில்லை. குளுக்கோமீட்டரைத் தொடவில்லை. மாத்திரையைப் பாதி நாள் விழுங்கவில்லை. இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஐந்து மாதத்தை எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளினால் இது முழுக் கணக்காக இருக்காது.

கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதிப் பழகிய கை என்னுடையது. சர்க்கரை என்று தெரிந்த வாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு கிழித்தேன். தேதி, வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கடைசியில் குறிப்பு. 'கல்யாண வீடு, பாயசம்', 'காய்ச்சல்', 'மழை, நடக்கவில்லை' என்று குறிப்பில் வரும். பதினோரு வருஷத்தில் ஒன்பது நோட்டு நிறைந்தது. பத்தாவது நோட்டில் ஆகஸ்ட் 14-க்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13 அன்று என் நண்பனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை ஐந்தரைக்கு என்னோடு நடந்தவன். என்னைவிட இரண்டு வருஷம் மூத்த சர்க்கரைக்காரன். செருப்புக் கடித்த புண்தான் ஆரம்பம். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அன்று இரவு வழக்கம்போல நோட்டில் எழுதினேன். அடுத்த நாள் ஐந்து மணிக்கு எழுந்து ஷூவைப் போட்டேன், நாற்காலியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஷூவைக் கழற்றி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் அழவில்லை. அதனாலேயே அது துக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. பத்திரிகையில் ஒரே வரியை நாலு தடவை படிப்பேன். சோறு ருசிக்காது, ஆனால் டப்பாவில் இருக்கிற முறுக்கு மட்டும் தீர்ந்துபோகும். "ஏங்க, மாத்திரை போட்டாச்சா?" என்று வீட்டில் கேட்டால் "ஆச்சு" என்பேன். முப்பது வருஷம் ஒரு பைசா தப்பாக எழுதாதவன், தினமும் பொய் சொன்னேன். எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கடைசியில் போர்வை அப்படித்தான் கிடக்கப் போகிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

நவம்பரில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி 7.1-லிருந்து 10.4-க்கு ஏறியிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்ச நீங்களே இப்படி இருந்தா எப்படி?" என்றார். கூடுதலாக ஒரு மாத்திரை எழுதினார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஏற்கெனவே எழுதியதையே விழுங்காதவனுக்கு இன்னொரு மாத்திரை. அவர் கெட்டவரில்லை, வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் என்னை இரண்டு மாதம் பின்னால் தள்ளியது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஜனவரியில் மனைவி வற்புறுத்தி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அங்கிருந்த நர்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பக்கங்களைப் புரட்டினார், வெள்ளைத் தாளில் நிறுத்தினார்.

"ஐயா, ஆகஸ்ட் பதினாலுக்குப் பொறவு ஒண்ணுமே எழுதலியே. ஆகஸ்ட்ல என்னய்யா ஆச்சு?"

அப்போதுதான் அழுதேன்.

அவர் இரண்டு கேள்வி கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில், முன்பு பிடித்த காரியங்களில் நாட்டமே இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இரண்டுக்கும் 'அநேகமாக எல்லா நாளும்' என்றேன். பிறகு ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளை எடுத்தார். தூக்கம், பசி, அசதி, கவனம், தன்மேல் வெறுப்பு என்று போகும் அந்தத் தாளின் கடைசிக் கேள்வி சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது. உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் மனச்சோர்வை முதல்நிலையில் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் தாள்தான் அது. நிரப்ப ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பதினோரு வருஷத்தில் என் கண், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் சோதித்திருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் யாருக்கும் வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சர்க்கரைக்கும் துக்கத்துக்கும் உள்ள உறவை மருத்துவம் வெகுகாலம் முன்பே சந்தேகித்திருக்கிறது. நோயாளியின் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட துயரமும் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று கருதினார். 2001-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு என்று கண்டார்கள். எதிர்த் திசையிலும் பாதை உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுகிறது. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அந்த இரண்டு மடங்கை இந்தக் கூட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் விதமும் எளிதாகப் புரியக்கூடியதுதான். மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடம்பில் கார்டிசோல் சுரப்பு கூடுகிறது. அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. தூக்கம் கெட்டாலும் அதே கதைதான். இதற்கு மேல் நடை நிற்கிறது, மாத்திரை தவறுகிறது. சர்க்கரை ஏறினால் அசதி, அசதி வந்தால் இன்னும் படுக்கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தெரியும், திமிராகக்கூடத் தெரியும். மருத்துவக் குறிப்பில் 'கட்டுப்பாடு இல்லாதவர்' என்று ஒரு சொல் விழும். அந்தச் சொல்லை எழுதும் முன் 'ஏன்' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் பாதிப் பேருடைய கதை வேறாகியிருக்கும்.

எல்லா வாட்டமும் மனச்சோர்வு அல்ல, இதையும் சொல்ல வேண்டும். வேளைக்கு வேளை விரலைக் குத்தி, இலையில் எல்லாரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, இந்த நோயோடேயே வரும் ஒரு சலிப்பு உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலான்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் 1995-ல் அதை அளக்கவே இருபது கேள்விகளை உருவாக்கினார்கள். நான் புரிந்துகொண்ட வித்தியாசம் இது. சலிப்புள்ளவர் சர்க்கரைப் பேச்சை எடுத்தால் எரிந்து விழுவார், பேத்தி வந்தால் முகம் மலர்ந்துவிடும். பேத்தி வந்து மடியில் ஏறியும் மலரவில்லை என்றால் அது வேறு. எனக்கு மலரவில்லை.

உடம்பு ஆடும் வேஷங்களும் இருக்கின்றன. தைராய்டு குறைந்தால், ரத்தச் சோகை இருந்தால், இதே அசதியும் மந்தமும் வரும். மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அது மனத்தையும் வாட்டும், கால் மதமதப்பையும் கூட்டும். எனக்கு பி12 குறைந்திருந்தது, ஊசி போட்டார்கள். லோ சுகர் ஆனால் வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்கும். பலர் அதை மனப் பதற்றம் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். பதற்றம் வந்தால் முதலில் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள்.

நர்ஸம்மா என்னை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பினார். 'மனநலம்' என்ற பலகையைப் பார்த்ததும் வாசலில் தயங்கி நின்றேன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற சமூகம் நாம். 1794-லிருந்து மனநோயாளிகளைப் பராமரித்து வரும் அங்குள்ள மருத்துவமனைக்கு நாம் செய்த மரியாதை அது. உள்ளே போனால் என் பக்கத்தில் காத்திருந்தவர்கள் ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பேருந்து ஓட்டுநர், பிரசவித்து மூன்று மாதமான ஒரு பெண்.

மருத்துவர் மாத்திரை எழுதினார். இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் தெரியாது, நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று சொன்னார். மனச்சோர்வு மாத்திரைகளில் சில எடையைக் கூட்டும், சில சர்க்கரையைச் சற்றே இறக்கும், டுலாக்ஸெடின் போன்றவை கால் எரிச்சலுக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும். ஆகவே மனநல மருத்துவருக்கு உங்கள் சுகர் மாத்திரை தெரிய வேண்டும், சுகர் டாக்டருக்கு இந்த மாத்திரை தெரிய வேண்டும். மறைப்பதுதான் ஆபத்து.

மாத்திரையோடு வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் பேச்சு. முதல் வாரம் நடக்கச் சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர், "உங்க நண்பரைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியோடு சரி, ஐந்து மாதமாகப் போகவில்லை. அதுதான் அந்த வாரத்து வேலை என்றார்.

போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து செயற்கைக் காலின் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடே, இன்னைக்குக் காலைல எவ்வளவு?" என்றான். பார்க்கவில்லை என்றேன். உள்ளே போய்த் தன் மீட்டரை எடுத்து வரச் சொன்னான். 286.

சர்க்கரையையும் மனத்தையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டா என்று இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். சென்னை உட்பட நான்கு இடங்களில் இரண்டு நோயும் உள்ள 404 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு பிரிவுக்கு, டாக்டர் அல்லாத ஒரு பயிற்சி பெற்ற ஊழியர் அடிக்கடி பேசி, மாத்திரையையும் மனநிலையையும் கவனித்து, சர்க்கரை மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் கலந்து பேசினார். 2020-ல் வந்த முடிவில், இரண்டு வருஷம் கழித்து மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஏதேனும் ஒன்றாவது மேம்பட்டவர்கள் வழக்கமான பிரிவில் 57 சதவீதம், சேர்த்துக் கவனித்த பிரிவில் ஏறக்குறைய 72 சதவீதம். மந்திரம் இல்லை. ஆனால் கேட்க ஓர் ஆள் இருந்ததால் கூடிய பலன் அது.

தமிழ்நாட்டில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சுகர் மாத்திரை கொண்டு வருகிறார்கள். மாத்திரை அட்டையோடு அந்த இரண்டு கேள்வியையும் அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும், 'ஆமாம்' என்று வந்தால் அனுப்ப ஓர் இடமும் தயாராக இருக்க வேண்டும். சுகாதாரத் துறையிடம் நான் வைக்கும் கோரிக்கை இது.

உங்களிடம் கேட்பது சின்னது. அடுத்த தடவை சுகர் டாக்டரைப் பார்க்கும்போது ரிசல்ட் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "இரண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டல" என்ற வாக்கியத்தையும் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து லட்டை எண்ணாதீர்கள், என்ன ஆச்சு என்று கேளுங்கள். சாக வேண்டும்போல் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறது, கட்டணம் இல்லை.

(தொடரும்)