ஆய்வுப் பொருளைத் தெரிந்தெடுத்தல்

உளவியல் பாடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டிய பருவம் வரும்போது, மாணவர் நம்மிடம் கொண்டுவரும் தலைப்புகள் பெரும்பாலும் மிக விரிந்தவை: ‘மனிதனும் துன்பமும்’, ‘குற்றவுணர்வு’, ‘இளைஞரின் உள்ளம்’. இவற்றுள் எதுவும் தவறான தலைப்பன்று. ஆயினும் இவை ஆய்வுப் பொருள்கள் அல்ல; ஆய்வுப் பொருளைத் தேடவேண்டிய நிலப்பரப்புகளே. நிலப்பரப்பிலிருந்து பொருளுக்கு வந்து சேரும் வழியை, இறையியல் மாணவர் தொடர்புடைய இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு இங்கு விளக்க முயலுவோம்.

நால்வரின் கட்டுரை

1965ஆம் ஆண்டில், சிக்காகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடி பற்றிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. நெருக்கடிகளுள் பெரியது மரணமே என முடிவு செய்து, எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மனநல மருத்துவரின் உதவியை அவர்கள் நாடினர். தலைப்புச் சுருங்கிற்று, எனினும் அது இன்னும் ஆய்வுக்குரியதாகவில்லை. மரித்தவரிடம் சென்று விவரம் கேட்பது இயலாதே! மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் நோயாளிகளையே ஆசிரியராகக் கொண்டு, அவர்கள் உள்ளத்தில் நிகழ்வது யாது, சுற்றியுள்ளோரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது யாது எனக் கேட்டறியலாம் என்னும் வழி தோன்றியபோதே அது ஆய்வுப் பொருளாயிற்று.

வழி தோன்றியும் வேலை எளிதாகவில்லை. அத்தகைய நோயாளியைக் காட்டித்தர மருத்துவர்கள் முன்வரவில்லை. இறுதியில் முதியவர் ஒருவர் கிடைத்தார். அவர் அப்பொழுதே பேச ஆவலாயிருந்தார். மறுநாள் மாணவருடன் வருவதாகக் கூறி மருத்துவர் திரும்பினார். மறுநாளோ அவருக்குப் பேச வலுவில்லை; அவர்கள் வந்துபோன ஒரு மணி நேரத்திற்குள் உயிர் நீத்தார். இத்தவற்றை மருத்துவர் தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். மனிதரை ஆராய்வோர் தம் வசதியை மட்டும் எண்ணலாகாது என்பதற்கு இது என்றும் எச்சரிக்கையாகும்.

இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சந்தித்ததன் பயனாக அந்நூல் 1969இல் வெளிவந்தது. அதிற் கூறப்பட்ட ஐந்து நிலைகளும் எல்லாருக்கும் அதே வரிசையில் நேர்வதில்லை என்று பின்னர் வந்தோர் எடுத்துக் காட்டினர். இதனால் அம்மாணவர் தெரிந்தெடுத்த பொருள் குறைவுபட்டுவிடவில்லை. நல்ல கேள்வி தன் முதல் விடையோடு முடிந்துவிடுவதில்லை.

நின்றவரும் கடந்து சென்றவரும்

‘பிறருக்கு உதவுதல்’ என்பதும் மிக விரிந்த தலைப்பே. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இருவர் அதனை ஒரு கேள்வியாக்கினர்: துன்புறுவோரைக் கண்டு ஒருவர் நிற்பதும் நிற்காமற் செல்வதும் அவர் மனத்திலுள்ள எண்ணத்தைப் பொறுத்ததா, அவருக்குள்ள அவசரத்தைப் பொறுத்ததா?

பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரை வைத்து இது ஆராயப்பட்டது. ஒவ்வொருவரும் மற்றொரு கட்டடத்திற்குச் சென்று சிற்றுரை நிகழ்த்தவேண்டும். சிலர்க்கு நல்ல சமாரியன் உவமையும், ஏனையோர்க்கு இறையியல் மாணவர் மேற்கொள்ளத்தக்க வேலைகளும் உரைப்பொருளாகத் தரப்பட்டன. சிலரிடம் ‘நேரம் கடந்துவிட்டது’ என்றும், சிலரிடம் ‘புறப்படும் நேரம் இது’ என்றும், சிலரிடம் ‘இன்னும் நேரமுண்டு’ என்றும் கூறப்பட்டது. வழியில் ஒரு வாயிற்புறத்தில், ஆய்வாளர் ஏற்பாடு செய்த ஒருவர் தலைகவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார்.

முடிவுகள் 1973இல் வெளியாயின. நேரமுள்ளவருள் நூற்றுக்கு 63 பேரும், இடைநிலையினருள் 45 பேரும், விரைந்து சென்றவருள் 10 பேருமே ஏதேனும் ஒரு விதத்தில் உதவினர். உவமையைப் பற்றிப் பேசச் சென்றது உறுதியான வேறுபாடு எதையும் உண்டாக்கியதாகக் காணப்படவில்லை. அவ்வுவமையைப் பேசச் சென்றவருள்ளும் சிலர் அம்மனிதரைத் தாண்டிச் சென்றனர்!

பிரசங்கம் செய்யும் நமக்கு இது இனிய செய்தியன்று. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதைக்கொண்டு எல்லாரையும் தீர்ப்பிடுதல் தகாது. ஆயினும் ‘பக்தி இரக்கத்தை வளர்க்கிறது’ என்று முன்னரே முடிவுகட்டி அதற்கு மேற்கோள்களைத் திரட்டியிருந்தால், அவசரம் செய்யும் கேட்டினை நாம் அறிந்திருக்கமாட்டோம். விடை எப்பக்கமும் சாயக்கூடிய கேள்வியாக அது இருந்தமையாலேயே நமக்குப் பயன்பட்டது.

நம் மாணவர் கவனிக்கவேண்டியவை

முதலாவது, தலைப்பைக் கேள்வியாக மாற்றி எழுதுக. ‘துக்கம்’ என்று எழுதுவதைவிட, ‘துணையை இழந்த முதியோர், அடக்கத்திற்குப் பின்வந்த மாதங்களில் எவ்விதச் சந்திப்பை ஆறுதலாகக் கண்டனர்?’ என்று கேட்பது நலம்.

இரண்டாவது, ஒரு பருவ காலத்திற்குள், கல்லூரி நூலகத்தையும் அணுகக்கூடிய மனிதரையும் கொண்டு செய்து முடிக்கத்தக்கதா என்று பார்க்க.

மூன்றாவது, எவர்க்கும் தீங்கு நேராதிருக்கட்டும். பேச இசைந்தவரிடமே பேசுக, அடையாளங்களை மறைத்தெழுதுக. மேய்ப்புப்பணியில் ஒருவர் நம்மை நம்பிக் கூறிய இரகசியம் எக்காலத்தும் கட்டுரைக்குரிய பொருளாகாது.

நான்காவது, தம் சொந்தக் காயத்தையே பொருளாகத் தெரிந்தெடுக்கும் மாணவரும் உண்டு. அண்மையில் தந்தையை அடக்கம் செய்தவர் துக்கத்தைப்பற்றி எழுத விரும்புவது இயல்பே. அவரை நாம் தடுப்பதில்லை. ஆனால் தமக்கு ஆறுதல் தேடுகிறாரா, பிறருடைய அனுபவத்தைக் கேட்கவும் ஆயத்தமாயிருக்கிறாரா என்பதை அவரோடு அமர்ந்து பேசித் தெளிந்த பின்னரே தலைப்பை ஏற்கிறோம்.

தலைப்போடு வரும் ஒவ்வொருவரிடமும் நாம் கேட்பது ஒன்றுண்டு: “நீர் எதிர்பார்க்கும் விடை தவறு என்பதை உமக்குக் காட்டக்கூடியது எது?” இதற்குப் பதில் கூற இயலுமாயின், அம்மாணவர் தம் ஆய்வுப் பொருளைக் கண்டுகொண்டார் எனலாம்.