தளர மறக்கும் இதயம்

உங்கள் வலக்கையை இறுக மூடித் திறந்து பாருங்கள். எளிதாகத்தான் இருக்கிறது. அதையே நிமிடத்திற்கு 70 முறை வீதம் விடாமல் செய்யுங்கள். சிறிது நேரத்திலேயே கை வலிக்கத் தொடங்கிவிடும். உங்கள் கைமுட்டி அளவே உள்ள இதயமோ இதை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை செய்கிறது!

இதயத்தின் வேலை என்ன? "சுருங்கி, இரத்தத்தை வெளியே தள்ளுவது" என்பீர்கள். சரிதான், ஆனால் அது பாதி விடையே. தள்ளுவதற்கு முன் நிரப்ப வேண்டாமா? ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் சுமார் 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 விநாடி மட்டுமே. மீதி 0.5 விநாடி அவை தளர்ந்து, அடுத்த துடிப்புக்கான இரத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. நீரிழிவு நோய் இதயத் தசையைத் தாக்கும்போது, பெரும்பாலும் முதலில் பழுதாவது இந்தத் தளரும் வேலைதான்.

ஆய்வகத்துச் சொட்டுக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் குமிழை அழுத்திவிட்டு விரலைத் தளர்த்தினால் குமிழ் விரிகிறது, திரவம் மேலேறுகிறது. ரப்பர் விறைத்துப் போயிருந்தால் திரவம் சரியாக ஏறுவதில்லை. விறைத்த இதயத்தின் கதையும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர் தானாக விரியும். இதயத் தசை தளர்வதற்கும் ஆற்றல் செலவிட வேண்டும். தசை நாரைச் சுருங்கவைப்பவை கால்சியம் அயனிகள். அவற்றைத் திரும்பத் தம் கிடங்குக்கு இறைத்து அனுப்பினால்தான் தசை தளரும். இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது ஏன் தெரியுமா? தசைகள் தளர்வதற்கு வேண்டிய ஆற்றல் தீர்ந்துவிடுவதால்தான்!

நீரிழிவில் இன்சுலின் போதாமலோ, சரிவர வேலை செய்யாமலோ போகிறது. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் இதயத் தசை அதை நன்கு பயன்படுத்த இயலாமல், கொழுப்பையே மிகுதியாக எரிக்கிறது. அதே அளவு ஆற்றல் பெற இதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. மேலும், மிகுந்துள்ள சர்க்கரை தசையிடையே உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தோடு ஒட்டி, அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இதயச் சுவர் மெல்ல மெல்ல விறைக்கிறது.

இதயத்திற்கு இரத்தம் கொண்டுவரும் கரோனரித் தமனிகளின் அடைப்பே நீரிழிவாளரின் இதயக் கோளாறுக்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1972-இல் அமெரிக்காவில் ரூப்ளர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இதயச் செயலிழப்பால் இறந்த நான்கு நீரிழிவு நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுடைய தமனிகளில் அதற்குரிய அடைப்பு இல்லை. பழுது தசையிலேயே இருந்தது. 1974-இல் ஃப்ராமிங்ஹாம் நகர ஆய்வு இன்னொரு செய்தியைத் தந்தது. நீரிழிவு உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும் ஏற்பட்டது. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடுவதல்ல. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை அதனால் தர இயலாமல் போவது.

தொடக்கத்தில் இக்கோளாறு வலிப்பதில்லை. நிரம்பிய இரத்தத்தில் பாதிக்கு மேல் வழக்கம்போல் வெளியே தள்ளப்படுவதால், சுருங்கும் வலிமையை மட்டும் அளந்தால் இதயம் நலமாகவே தோன்றும். கேளா ஒலியைச் செலுத்தி எதிரொலியைப் படமாக்கும் 'எக்கோ' சோதனைதான் இதைக் காட்டிக்கொடுக்கிறது. 1953-இல் ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த முறை இது. கீழறைக்குள் இரத்தம் இரண்டு அலைகளாக வருகிறது. முதல் அலை கீழறை தளர்வதால் வருவது. இரண்டாவது மேலறை சுருங்கித் தள்ளுவது. நலமான இளம் இதயத்தில் முதல் அலையே பெரிது. தளர்ச்சி குறையத் தொடங்கும்போது அது சிறுத்து, இரண்டாம் அலை ஓங்குகிறது. முதுமையிலும் இப்படி நேர்வதால், மருத்துவர் வயதையும் கணக்கில் கொள்வார்.

கீழறை மேலும் விறைத்தால் உள்ளே வர இயலாத இரத்தம் பின்னுக்குத் தேங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலில் வீக்கம் காண்கிறது. வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தாவோ பாட்டியோ, "வயசாயிடுச்சு, அதான் இரைக்குது" என்றால், நீங்களும் தலையாட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லும்படி வற்புறுத்துங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் கண்டறிய வேண்டியது மருத்துவரே.

காலத்தில் கண்டுகொண்டால் செய்யக்கூடியவை பல. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், உடல் எடையைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவை இதயத்திற்குத் துணை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, இதயநோயும் உள்ள நீரிழிவாளர்களில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வோரைக் குறைக்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்போது மீண்டும் கையை மூடித் திறந்து பாருங்கள். மூடுவதை மட்டுமா கவனிக்கிறீர்கள்?