சிரிக்கச் சொல்லாதீர்கள்... சிரிக்கும்போது எடுங்கள்!

கோடை விடுமுறை சமயம். ஒரு தாய், தன் எட்டு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். முதல் நாள் குடும்பத்தோடு தீம் பார்க் போய் வந்திருக்கிறார்கள். பையனுக்குத் தலைவலி, இரண்டு தடவை வாந்தி, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது.

"என்ன தம்பி, நேத்து தண்ணியே குடிக்கலையா?" என்றேன்.

"கேட்டேன் டாக்டர். 'இருடா, இன்னும் ஒரே ஒரு போட்டோ'ன்னு அம்மா சொல்லிட்டாங்க!"

அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. செல்போனை நீட்டினார். முந்நூறு படங்களுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூடப் பையன் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தண்டனை கொடுத்தது போல நிற்கிறான்.

உடம்புக்கு மருந்து சொன்னேன். கூடவே, படம் எடுக்கவும் நாலு வழி சொன்னேன். "சித்த வைத்தியருக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்கிறீர்களா? மேலே படியுங்கள்.

முதலில் வயிறு, பிறகு படம்

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று உண்டு. அடக்கக் கூடாதவை. பசி, தாகம், தூக்கம், இளைப்பு, சிறுநீர், மலம், கண்ணீர்... எல்லாம் அதில் அடக்கம். தீம் பார்க்கில் குழந்தைகளை நாம் அடக்கச் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் "சிரிடா" என்றால் பல் தெரியும்; சிரிப்பு வராது. குடிக்கக் கொடுத்து, ஐந்து நிமிடம் நிழலில் உட்கார வைத்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.

உச்சி வெயிலில் வேண்டாம்

காலை பத்து முதல் பகல் இரண்டு மணி வரை பித்தத்தின் பொழுது என்பது எங்கள் கணக்கு. உடம்புக்கு மட்டுமல்ல, படத்துக்கும் அது ஆகாத வேளை. சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். கண் குழி விழுந்தது போலத் தெரியும். அந்த நேரத்தில் சாப்பிடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மரநிழலிலோ கூரைக்கு அடியிலோ நிறுத்தி எடுங்கள்.

சாயும் வெயிலின் பொழுதை 'எற்பாடு' என்றார்கள் நம் முன்னோர். நெய்தல் நிலத்துக்கு உரிய பொழுது அது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற வி.ஜி.பி. போன்ற இடங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். கடலுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் கறுத்துப் போகும். நாலு மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து வரும். கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறவர் முகமெல்லாம் வெளிச்சம்! சற்றே பக்கவாட்டில் திரும்பி நின்றால் கண்ணும் கூசாது.

கிட்டே போங்கள், கீழே இறங்குங்கள்

ராட்சத ராட்டினமும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று பலர் பிள்ளையை ராட்டினத்தின் அடியில் நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போவார்கள். பிள்ளை எறும்பாகிவிடும். மாற்றிச் செய்யுங்கள். ராட்டினத்தை விட்டுத் தள்ளி வாருங்கள். பிள்ளையை உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். ராட்டினம் பின்னால் தூரத்தில் இருக்கட்டும். இப்போது இரண்டும் படத்தில் விழும்.

நின்றபடி எடுத்தால் குழந்தையின் தலையும் தரையும்தான் தெரியும். அதன் கண் உயரத்துக்கு இறங்குங்கள். இடுப்பை வளைக்காதீர்கள், ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள். முதுகும் பிழைக்கும், படமும் பிழைக்கும்.

செல்போன் கேமராவில் 'கிரிட்' என்ற வசதி உண்டு. திரையில் ஒன்பது கட்டங்கள் தெரியும். குழந்தையின் கண்கள் மேல் கோட்டில் வரட்டும். உடம்பு நட்டநடுவில் இல்லாமல் இடது அல்லது வலது கோட்டில் நிற்கட்டும். எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் இடம் விடுங்கள். பொத்தானை அமுக்குமுன் பின்னால் ஒரு பார்வை! தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்திருந்தால், ஓர் அடி நகர்ந்தால் போதும்.

சுற்றி வரும்... காத்திருங்கள்

ராட்டினத்தில் ஏறுகிறவர் கையில் செல்போன் வேண்டவே வேண்டாம். கீழே நிற்பவர் எடுக்கட்டும். குடை ராட்டினம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வரும். முதல் இரண்டு சுற்று வெறுமனே பாருங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது, பிள்ளை எங்கே கத்திச் சிரிக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாவது சுற்றில் எடுங்கள்.

வி.ஜி.பி.யில் அசையாமல் நின்றே பேர் வாங்கிய சிலை மனிதரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். நானாக இருந்தால், அவரைச் சிரிக்க வைக்கப் பாடுபடுகிற பிள்ளையின் முகத்தை எடுப்பேன்.

அம்மா எங்கே?

வீட்டுக்கு வந்து படங்களைப் பாருங்கள். பையும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு கூடவே வந்த அம்மா, பாட்டி எத்தனை படத்தில் இருக்கிறார்கள்?

1996-ல் என் அம்மாவைச் சென்னையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். 36 படம் எடுக்கிற பிலிம் ரோல். ஒவ்வொரு படமும் காசு. நுழைவாயில் வளைவு முழுசாக விழ வேண்டும் என்று பின்னால் பின்னால் போய் எடுத்தேன். கழுவி வந்த படத்தில் வளைவு ஜோராக இருந்தது. அம்மா கட்டைவிரல் நகம் அளவுக்கு நின்றாள். உச்சி வெயிலில் முகம் ஒரே இருட்டு.

அன்று ராட்டினத்திலிருந்து இறங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அதை நான் எடுக்கவில்லை. அம்மா இன்று இல்லை. அந்தச் சிரிப்பு என் நினைவில் மட்டும்தான்.

அடுத்த முறை போகும்போது, பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு டம்ளர் நீர்மோர் கொடுங்கள். நாலு அடி முன்னால் போங்கள். சிரிக்கட்டும்... எடுங்கள்!