கூலிப் புத்தகமும் ஆராய்ச்சியும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கூலிப் புத்தகத்தில், உறுப்பினர் பெற்ற நூல், கொடுத்த துணி, வாங்கிய கூலி ஆகியவை பதிவாகின்றன. தணிக்கை முடிந்ததும் அப்புத்தகம் அலமாரிக்குள் சென்றுவிடுகிறது.

மறுபுறம், அறிஞர்கள் புள்ளிவிவரம் தேடுகின்றனர். 2009-10ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பைப் புதுடில்லியிலுள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு நடத்தியது. அதன்படி நாடெங்கும் கைத்தறித் தொழிலாளர் 43.31 லட்சம் பேர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை 35.22 லட்சமாகக் குறைந்தது. இவர்களுள் நெய்வோர் சுமார் 26.7 லட்சம், துணை வேலை செய்வோர் சுமார் 8.5 லட்சம்.

எத்தனை பேர் குறைந்தனர் என்பதைக் கணக்கெடுப்பு கூறும். எந்த ரகம் நெய்தவர், எவ்வளவு கூலி பெற்றபோது தறியை விட்டார் என்பதைக் கூலிப் புத்தகமே கூறும். எனினும் அதிலும் ஒரு குறையுண்டு. கூலி உறுப்பினர் பெயரில் மட்டும் எழுதப்படுமிடத்து, வீட்டில் தார் சுற்றும் பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறாது. இதனை முறையாக அளந்தறிய ஆராய்ச்சியாளர் வேண்டும். உள்ளதை எடுத்துரைக்க நெசவாளர் வேண்டும்.

ஆதலின், சங்கரன்கோவில் வட்டாரச் சங்கங்கள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரை அழைத்துத் தம் ஏடுகளைக் காட்டலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். உறுப்பினர் பெயர் வெளிவரலாகாது. முடிவுகள் பேரவைக் கூட்டத்தில் தமிழில் படிக்கப்படவேண்டும்.

முதற்கேள்வியை நாமே கேட்போம்: ஒரு சேலைக்கு ஒரு குடும்பம் முழுவதும் செலவிடும் நேரம் எவ்வளவு? கூலி உயர்வு கோரும் நாளில் அவ்விடையே நமக்குத் தக்க சான்றாகும்.