சன்மைக்கா மேடையில் சிங்க் பதிக்கும் முன்

மளிகையோடு டீயும் பலகாரமும் விற்கும் கடைகளில் கைகழுவும் வசதி வேண்டும் என்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் வலியுறுத்துகின்றன. சன்மைக்கா ஒட்டிய மேடையிலேயே சிங்க் பதிக்க எண்ணும் வணிகர்களுக்காக இதைக் கூறுகிறோம்.

சன்மைக்கா என்பது பிசினில் ஊறிய காகித அடுக்குகளைச் சூடேற்றி அழுத்திய தகடு. அதன்மேல் சிந்தும் தண்ணீரைத் துடைத்துவிடலாம். ஆனால் அறுத்த விளிம்பில் தெரியும் பலகை தண்ணீர் குடிக்கும், ஊதும், சன்மைக்கா பெயரும், கீழே அடுக்கிய சர்க்கரையும் மாவும் நனையும். மலையடிவாரமான நம் தொண்டாமுத்தூரில் தென்மேற்குப் பருவமழை நாட்களில் நனைந்த பலகை எளிதில் காயாது.

புதிய மேடையானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குவது நல்லது. மேடைக்கு அடியில் டிராயரோ தாங்கு சட்டமோ குறுக்கிடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிங்கைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டு, அதன் விளிம்பு மேடையில் உட்காரும் அளவு உள்ளே தள்ளி இரண்டாம் கோடு போட வேண்டும். அறுப்பது உள்கோட்டில்தான். மூலைகளில் துளையிட்டு வளைவாக அறுக்கச் சொல்லுங்கள். கூர்மூலையில் சன்மைக்கா விரிசல் விடும். அறுபடும் துண்டைக் கீழிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அறுத்த விளிம்பு முழுவதும் இரண்டு கை வார்னிஷ் அடித்து, நன்கு காய்ந்தபின் சிலிக்கான் பூசிச் சிங்கை இறக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

அவசரத்தில் விட்டுப்போவது இந்த வார்னிஷ் வேலைதான். ஆசாரியின் அருகில் நின்று அதைச் செய்வித்தால், மேடையையே மாற்றும் செலவு மிச்சம்.