குனிந்த ஓட்டமும் நிமிர்ந்த ஓட்டமும்

ஐதராபாத் நகரில் அமீர்பேட்டை அறியாத தமிழ் இளைஞர் அரியர். கணினிப் பயிற்சி நிலையங்களை நாடி வந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கி, பின்னர் நகரின் மேற்குப் பகுதியிலுள்ள நிறுவனங்களில் வேலை பெற்றோர் நம்மவருள் பலர். முதற் சம்பளங்களின் சேமிப்பைக் கொண்டு பந்தய வடிவில் அமைந்த மோட்டார் சைக்கிளை வாங்குவோர் அவருள் சிலர். ஈராண்டு கழியுமுன்னர் அதனை விற்றுவிட்டு, நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் வண்டிக்கு மாறுவோரும் உளர். “அதற்குள் வயதாகிவிட்டதோ?” என்று நண்பர் நகைப்பர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இம்மாற்றத்தின் காரணம் காற்றில் இருக்கிறது.

பந்தய வண்டியின் கைப்பிடி இரு துண்டுகளாகத் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். கால்மிதிகள் பின்தள்ளி உயரத்தில் இருக்கும். ஓட்டுபவர் பெட்ரோல் டாங்கியின்மேல் கவிழ்ந்தாற்போல் அமர வேண்டும். காற்றின் தடையை வெல்வதற்காக ஏற்பட்ட இருக்கை அது. அத்தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் உள்ள தடை 120 கிலோமீட்டரில் ஒன்பது மடங்காகிவிடும். அவ்வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்றே உடலை ஓரளவு தாங்கி, மணிக்கட்டின் சுமையைக் குறைக்கிறது. காற்று ஒரு தலையணை போல உதவுகிறது எனலாம்.

மைத்ரிவனத்திலிருந்து பஞ்சாகுட்டா நோக்கி மாலை ஏழு மணிக்குச் செல்பவருக்கு அத்தலையணை எங்கிருந்து கிடைக்கும்? மெட்ரோ ரயிலின் தூண்கள் நடுவில் நிற்க, பேருந்தும் ஆட்டோவும் இருபுறமும் நெருக்க, வண்டி ஊர்ந்து செல்கிறது. மேலுடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. உடல் குனிந்திருக்க, முன்னே நோக்கும் பொருட்டுத் தலையை மட்டும் உயர்த்துவதால் பிடரி நோகிறது. இடக்கையோ கிளட்சை ஓயாது பிடித்து விடுகிறது. இயந்திரத்தை மூடிய உறையினின்று வரும் வெப்பம் கால்களைச் சுடுகிறது. மே மாதத்து ஐதராபாத்தில் இதன் கொடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை. கைப்பிடி டாங்கியில் இடிக்கும் என்பதால் அதிகம் திரும்பாது. குறுகிய தெருவில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னும் தள்ள வேண்டும். நகரைச் சூழ்ந்து 158 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையிலேனும் வேகத்தை அனுபவிக்கலாம் என்றால், அதன் முதன்மைப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியே இல்லை!

மாற்று வண்டியை ஆங்கிலத்தில் ‘நேக்கட் பைக்’ என்கின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கூச்சந்தரும். ‘உறையில்லா வண்டி’ என்பது போதும். பண்டைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் உறையில்லாதவையே. ஆதலின் அப்பொழுது தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை. 1980-களில் பந்தய உறை பூண்ட வண்டிகள் விற்பனையில் பெருகிய பின்னரே, உறையில்லாமை ஒரு வகையாயிற்று. இத்தாலியின் டுகாட்டி நிறுவனம் 1993-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ‘மான்ஸ்டர்’ அவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தது.

நம் நாட்டில் இதன் சான்று ஓசூரிலேயே கிடைக்கிறது. டி.வி.எஸ். நிறுவனம் 2017-இல் உறையுடன் கூடிய அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை வெளியிட்டது. 2023-இல் அதே 312.2 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைச் சிறு மாற்றங்களோடு உறையில்லா அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310-இல் அமைத்தது. சென்னையின் ராயல் என்ஃபீல்டும் 2018-இல் ஒரே 648 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைக் கொண்டு, குனிந்து ஓட்டக் கான்டினென்டல் ஜி.டி.யையும், நிமிர்ந்து ஓட்ட இன்டர்செப்டரையும் தந்தது. ஆதலின் வண்டி மாற்றுபவர் ஆற்றலை இழந்துவிடுவதில்லை. அவர் மாற்றிக்கொள்வது பெரிதும் அமரும் முறையையே.

பழைய வண்டியின் கைப்பிடியை மட்டும் உயர்த்திக்கொள்ளலாகாதா என்பர் சிலர். கால்மிதி பின்னேயே நிற்கும். பிரேக் குழாய் இழுபடும். கைப்பிடி உறையில் இடிக்கும். இம்முறையை யான் பரிந்துரைக்க மாட்டேன்.

இழப்பும் உண்டு. பொங்கலுக்குச் சென்னை வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியிலேயே செல்பவர், நெடுஞ்சாலையில் நெஞ்சில் அறையும் காற்றோடு போராட நேரும். வேகத்தைக் குறைத்து, அடிக்கடி இறங்கி இளைப்பாற வேண்டும். நெடும்பயணமே பெரிதென்பார்க்கு இம்மாற்றம் பொருந்தாது.

மாறியவர் முதல் வாரம் கவனமாயிருத்தல் நன்று. அகன்ற கைப்பிடி நெம்புகோல் போன்றது. சிறிது தள்ளினாலே வண்டி சட்டெனச் சாயும். பழைய பழக்கத்தில் அழுத்திப் பிடித்தால் தள்ளாடும். முழங்காலால் டாங்கியைப் பற்றி, முழங்கையைத் தளர்த்திக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் பதிவான வண்டியைத் தெலங்கானாவில் விற்பதாயின், முதலில் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறுக. பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே மறுபதிவு வேண்டுமென்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. புதிய வண்டியைச் சோதித்துப் பார்க்க ஞாயிறு காலையின் வெற்றுச் சாலையைத் தேர்ந்து பயனில்லை. வேலைநாளின் மாலையில், அமீர்பேட் சந்திப்பைக் கடந்து வரும் வகையில் கேட்டுப் பெறுக.