சுரங்கத்து முள் சொல்லும் பாடம்!
சி.என்.சி. எந்திரம் பழகும் இளைஞர்களுக்கு

தங்கவயல் என்றதும் தங்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தத் தங்கத்தையும் அதைத் தோண்டிய தொழிலாளியையும் மேலே கொண்டுவர வழிகாட்டியது ஒரு சின்ன முள் என்றால் நம்புவீர்களா?

ஆம். வைண்டிங் எஞ்சின் அறையில், டிரைவரின் கண்ணெதிரே இருந்த ஆழம் காட்டும் முள்தான் அது!

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களில் இருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது. நாளடைவில் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிற்று.

கண்ணுக்குத் தெரியாத கூண்டு

ஆட்களை ஏற்றிய கூண்டு ஷாப்டுக்குள் இறங்கிவிட்டால் டிரைவருக்கு அது தெரியாது. அவருக்குத் துணை இரண்டே இரண்டுதான். ஒன்று மணி ஓசை. மற்றொன்று அந்த முள்.

முள் எப்படி ஆழத்தைச் சொல்லிற்று? கயிறு சுற்றும் உருளையோடு பல்சக்கரம் மூலம் அது பிணைக்கப்பட்டிருக்கும். 4 மீட்டர் விட்டமுள்ள உருளை ஒரு சுற்றுக்குச் சுமார் 12½ மீட்டர் கயிறு விடும். 80 சுற்று சுற்றினால் கூண்டு சுமார் 1,000 மீட்டர் கீழே இருக்கும். சுற்றை எண்ணினால் இடம் தெரிந்துவிடும். அவ்வளவுதான்!

ஆனால், இங்கேதான் ஆபத்து. முள் எண்ணுவது உருளையின் சுற்றை, கூண்டை அல்ல. இரும்புக் கயிறு சுமையில் நீளும். புதுக் கயிறு இன்னும் அதிகமாக நீளும். கயிற்றின் முனையை அவ்வப்போது வெட்டிப் புதிதாகக் கட்டும்போது நீளம் குறையும். முள் பழைய கணக்கையே சொல்லிக் கொண்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பி ஓட்டினால், கூண்டு அடியில் மோதும். அல்லது மேலே ஏறிக் கப்பியில் இடிக்கும். உள்ளே இருப்பது மனித உயிர்!

ஆகவே, கூண்டை வாயிலில் சரியாக நிறுத்திப் பார்த்து, முள்ளை அந்த இடத்துக்குத் திருத்தி வைப்பது கட்டாய வேலை.

அதே முள், புதுப் பெயர்

இன்று அந்த முள்ளுக்குப் பெயர் என்கோடர். சி.என்.சி. எந்திரத்தில் மோட்டாரின் பின்னால் குந்தியிருக்கும். 1,000 கோடுள்ள என்கோடர் ஒரு சுற்றுக்கு 4,000 எண்ணிக்கை தரும். திருகின் புரி 5 மில்லி மீட்டர் என்றால், ஒரு மில்லி மீட்டருக்கு 800 எண்ணிக்கை.

வீட்டில் சிறு எந்திரம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார் போடுகிறார்கள். அது ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவ் அந்த அடியை 16 ஆகப் பிரித்தால் 3,200. அதே 5 மில்லி மீட்டர் புரிக்கு, மில்லி மீட்டருக்கு 640. என்கோடர் இல்லாத ஸ்டெப்பர், பளு தாங்காமல் அடி தவறினாலும் அதை அறியாது.

100 மில்லி மீட்டர் போகச் சொன்னால் 99.5 தான் போகிறது. உடனே பலர் 640-ஐ 100-ஆல் பெருக்கி 99.5-ஆல் வகுத்து, 643.2 என்று எழுதி விடுகிறார்கள். அவசரம் வேண்டாம்!

முதலில் 50, 100, 200 என்று ஒரே திசையில் ஓட்டி, வெர்னியரோ டயலோ வைத்து அளக்க வேண்டும். தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால் எண்ணில் தவறு, மாற்றலாம். திசை திருப்பும்போது மட்டும் ஒரே அளவு பிழை வந்தால், அது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை வந்தால், கப்ளிங் திருகு தளர்ந்திருக்கலாம். ஸ்டெப்பர் அடி தவறியும் இருக்கலாம். இவற்றை எண்ணை மாற்றிச் சரி செய்ய முடியாது. கயிறு நீண்டதற்கு உருளையைக் குறை சொன்ன கதையாகிவிடும்.

டிரைவின் வேகத் துடிப்பையும் பார்க்க வேண்டும். துடிப்பு குறைவாக வைத்தால் மேசை சோம்பி, கட்டளைக்குப் பின்தங்கும். மிகுதியாக வைத்தால் நடுங்கி முனகும். முனகல் கேட்கும்வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கி வைப்பதே தொழில் தெரிந்தவர் வழக்கம்.

பிழைப்புக்கு வழி

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆனாலும் மாரிகுப்பத்தில் இருந்து பெங்களூருக்குப் போகும் ரெயில்களில் வேலை தேடியும் வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். 1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலையும் இங்கே உண்டு. எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் பலர். அது சொல்லும் எண் உண்மையா என்று அளந்து பார்க்கத் தெரிந்தவனுக்கே மதிப்பு அதிகம்.

என்கோடர் மோட்டார் சுற்றியதைத்தான் சொல்லும். மேசை நகர்ந்ததை அளந்து பார்ப்பவன் மனிதன். மணி ஓசையையும் முள்ளையும் ஒத்துப் பார்த்து ஆயிரக்கணக்கான உயிர்களை மேலே கொண்டு வந்த தொழிலாளர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இது புதிய பாடம் அல்லவே!